வெளியேறு என்றொரு பொத்தான்

எங்கள் இணைய வகுப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதன்மேல் 'வெளியேறு' என்று எழுதியிருக்கும். வகுப்பு முடிந்ததும் அதைத் தொட வேண்டும். தொட்டால்தான் அந்த ஆளுடைய மைக்கும் கேமராவும் அணையும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன். கடைசிவரை சொல்லிக்கொடுத்து முடியவில்லை.

"இது என்னங்க மேடம், நாய வெரட்டற மாதிரி வெளியேறுங்குது?" என்று முதல் நாளே ஒரு அக்கா கேட்டார்.

"அது சும்மா ஒரு பட்டன்தாங்க்கா. அமுக்குங்க."

"வெளக்கு வச்ச நேரத்துல வெளியேறுன்னு எங்கையாலயே அமுக்கணுமா? நல்லாருக்கு நாயம்! நீங்க வேற பட்டன் வைக்கச் சொல்லுங்க."

அதன்பிறகு ஒருத்தரும் அமுக்கவில்லை. "போயிட்டு வரேன் மேடம்" என்று வாய்நிறையச் சொல்வார்கள். போனை அப்படியே அலமாரியில் கவிழ்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். திரை இருட்டாக இருக்கும், வீடு மட்டும் கேட்கும். குக்கர் விசில், கன்றுக்குட்டி, சீரியல் அழுகை, "அந்தத் தேங்காய எங்க வச்ச?" எல்லாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. தளத்தை நடத்தும் கம்பெனிக்கு, அந்த வார்த்தையை 'போயிட்டு வரேன்' என்று மாற்றித் தாருங்கள் என்று ஆர்வமாக ஒரு மெயில்கூட எழுதினேன். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது.

பெரம்பலூரில் பாத்திரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெண்களுக்கு இணையவழியில் கற்றுக்கொடுக்கும் சின்ன அமைப்பு. படுத்தவாக்கில் உடம்பு துடைப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது, அடிபட்ட கைக்குத் தூளி கட்டுவது. பாடம் எடுக்க ஒரு நர்ஸ் அக்கா வருவார். அவர் வராத நாளில் நானே எடுத்துவிடுவேன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு நேராக இங்கே வந்தவள் நான். அந்தத் தளத்தில் என்னென்ன பொத்தான் இருக்கிறதோ அத்தனையையும் ஒரே வாரத்தில் தட்டிப் பார்த்துவிட்டேன்.

அமைப்பை நடத்துகிற சார் நல்ல மனிதர். ஆனால் தனக்கு வரும் எதையும் திறந்து பார்க்க மாட்டார். வந்த வேகத்தில் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். "எனக்கு எதுக்கும்மா, பாக்க வேண்டியவங்க பாத்துக்கட்டும்" என்பார். அவருக்கு மெதுவாகப் பேசவும் வராது. ரகசியம் சொன்னால் கீழே பாத்திரக்கடையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எங்களுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொடுத்தது அங்கிருந்த இன்னொரு அமைப்பு. அதன் ஒருங்கிணைப்பாளர் விக்கிரமங்கலத்துக்காரர், முப்பது வயதிருக்கும். காதில் எப்போதும் ப்ளூடூத், வாய்க்கு வாய் மேடம். "மத்தவங்க வூட்டுப் பொம்பளைங்கள படிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, நம்ம வூட்லேர்ந்து ஆரம்பிப்போம் மேடம்" என்று முதல் ஆளாகத் தன் மனைவியைச் சேர்த்துவிட்டார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான தம்பி" என்றார்.

அந்த மனைவிக்கு என் வயதுதான். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். கேட்டால் சரியாகச் சொல்வாள். கைக்குத் தூளி கட்டுகிற பாடத்தன்று நர்ஸ் அக்கா வரவில்லை. நான் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, திரையில் அவளுடைய இடது கை வீங்கியிருந்தது தெரிந்தது.

"என்னாச்சுங்க?"

"கெணத்தடியில வழுக்கிட்டேன் மேடம்."

"பாத்து நடக்கக் கூடாதா? அப்ப நீங்களே கட்டிக் காட்டுங்களேன். நெசக் கையே இருக்கு!"

காட்டினாள். துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு முனையை வலது கையால் கழுத்தைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். முகத்தில் வேர்வை. எல்லாரும் கை தட்டினார்கள். நான்தான் அதிகமாகத் தட்டினேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நான் முதலில் கிளம்பிவிட்டேன். எங்கள் தளத்தில் கடைசி ஆள் வெளியேறும்வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் அதன் லிங்க் தானாகவே சாருக்குப் போகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரியலூரில் ஒரு கூட்டம் இருந்தது. இணையத்தில் பாடம் நடத்துகிற சின்னச் சின்ன அமைப்புகள் ஒன்றாகக் கூடி, எது நடந்தது, எது சொதப்பியது என்று அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம். எல்லா ஏற்பாடும் அந்த ஒருங்கிணைப்பாளருடையது. தூளி கட்டின வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எங்க வூட்ல கட்டுனத கூட்டத்துல போட்டுக் காட்டுவோம் சார்" என்று கேட்டிருந்தார். சார் வழக்கம்போல் லிங்கைத் திறக்காமல் அவருக்கு அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே குஷி. வெளியேறு பொத்தான் கதையை மேடையில் எப்படிச் சொன்னால் அதிகம் சிரிப்பார்கள் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சாரும் நானும் பஸ் ஏறினோம். சாருக்கு டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது, எனக்குக் கடைசிக்கு முந்தின சீட். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வெள்ளையாகத் தூசி கிளப்பிக்கொண்டு போனது. கைதட்டலை இன்னொரு தடவை கேட்கலாமே என்று இயர்போனை மாட்டிப் பதிவை ஓடவிட்டேன். தட்டினார்கள். வரிசையாகப் "போயிட்டு வரேன் மேடம்". ஒவ்வொருத்தர் வீட்டிலும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டு, சார்ஜ் தீர்ந்தோ சிக்னல் போயோ ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. கடைசியில் அவளுடையது மட்டும் மிஞ்சியது. இருட்டுத் திரை. அதில் இன்னொரு பெண்ணின் குரல்.

"ஏண்டி, கெணத்தடியில வழுக்கிட்டன்னு சொல்ற. கெணறு தூர்ந்து எத்தன வருசமாச்சு!"

அவளுடைய அம்மா. வரதராஜன்பேட்டையிலிருந்து கையைப் பார்க்க வந்திருக்கிறார்.

"அவங்களுக்கு என்ன தெரியும்மா? கேட்டாங்க, சொன்னேன்."

"இந்தத் தடவ கை. அடுத்த தடவ எதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா என்ன?"

"அதான் கெளம்பறேங்கறேன்ல. வெள்ளிக்கெழம அரியலூர்ல கூட்டம். காலையில போனா சாயங்காலந்தான் வருவாரு. மைக்கு கெடச்சா வுட மாட்டாரு."

அம்மா சிரித்தார். சிரிப்பு அப்படியே வேறு சத்தமாக மாறியது.

"கைய வச்சுக்கிட்டு புள்ளைய எப்படிடி தூக்குவ?"

"தூளி கட்டத்தான் தெரியுமே. கையயும் கட்டிக்கிறேன், அவனையும் கட்டிக்கிறேன்."

"நம்ம வூட்டுக்கு மட்டும் வந்துடாத. மொதல்ல அங்கதான் வந்து நிப்பான்."

"வரல. வேற எடம் இருக்கு."

எந்த இடம் என்று அவள் சொன்னாள். ஊர், தெரு, யார் வீடு என்பது வரை. அதை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஏசி இல்லாத பஸ், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இயர்போனைக் கழற்றினேன். அவள் சொன்ன வெள்ளிக்கிழமை இன்றுதான். அவள் எங்கே போகிறாள் என்பது ஒரு லிங்காக அவள் புருஷனின் போனில் கிடக்கிறது. இன்று ஒரு ஹாலே கேட்கப் போகிறது. அவளுக்குப் போன் அடித்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தேன். போனை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாளா, இன்னும் கிளம்பவே இல்லையா? தெரியவில்லை.

பதிவை அழிக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. அழி என்றேன். சக்கரம் சுற்றியது. சிக்னல் வந்து வந்து போனது. அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. ஒருவழியாக 'நீக்கப்பட்டது' என்று வந்ததும் மூச்சு விட்டேன். எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன்.

"சார், அந்த வீடியோ வேண்டாம் சார். வேற ஏதாவது போடலாம்."

"ஏம்மா? தம்பி அத நேத்தே டவுன்லோடு பண்ணி லேப்டாப்ல வச்சுட்டேன்னு மெசேஜ் போட்டிருக்கே. ஹால்ல நெட்டு இழுக்குமாம்."

பஸ் முழுக்கக் கேட்டது. அவரிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் அவர் கெட்டது செய்ய மாட்டார், நல்லதுதான் செய்வார். தம்பியைத் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போய், "குடும்பத்துல என்னப்பா மனஸ்தாபம், பேசித் தீத்துக்கலாம்" என்பார். அந்த நல்லதை நினைத்துத்தான் இன்னும் பயமாக இருந்தது.

அதுவரை எனக்கு அந்த ஒருங்கிணைப்பாளர் 'அவர்'. அரியலூரில் இறங்கும்போது 'அவன்'.

வாசலில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, காதில் நீல விளக்கு. "வாங்க மேடம், வாங்க சார். டிபன் ஆச்சா?" என்றான். முகத்தையே பார்த்தேன். கேட்டுவிட்டவன் முகமா, கேட்காதவன் முகமா?

"வீடியோ முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மேடம் நேரம்? அவ கட்டுப் போடற வரைக்கும் பாத்தேன். மீதிய சாப்பாட்டு நேரத்துல பாக்கணும்."

"சவுண்டு சரியா இருக்கான்னு நான் கொஞ்சம் லேப்டாப்புல…"

"நீங்க ஏன் மேடம் செரமப்படணும்? நான் இருக்கேன்ல."

கூட்டம் ஆரம்பித்தது. ஒரு அமைப்பிலிருந்து வந்தவர், சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பாடம் கேட்ட விவசாயிகளைப் பற்றிச் சொன்னார். லப்பைக்குடிகாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, துபாயிலிருக்கும் மாப்பிள்ளைகள் அங்கிருந்தே வகுப்பில் நுழைந்து, "மாஷா அல்லாஹ், எம் பொண்டாட்டி கரெக்டா சொன்னா பாத்தீங்களா" என்று நடுவில் பேசிவிடுகிறார்கள் என்றார். ஹால் குலுங்கியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருப்பேன். அன்று நான் அவனுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் மீது விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது அந்தக் கை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனேன். அவன் வீடியோவைத் திறந்து வைத்துவிட்டு, "நீங்களே ஓட்டுங்க மேடம். நான் கீழேருந்து செல்லுல படம் புடிக்கிறேன். அவகிட்ட காட்டணும்ல?" என்று இறங்கிப் போனான்.

லேப்டாப் என் கையில். உடனே அழித்துவிடலாம் என்று நிமிர்ந்தால், நான் மவுஸ் அம்பை நகர்த்துவது சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. எதைத் தொட்டாலும் மொத்த ஹாலும் பார்க்கும், அவனும் பார்ப்பான்.

ஓடவிட்டேன். வேறு வழியில்லை. சுவரில் அவள் வந்தாள். துண்டைப் பல்லால் கடித்தாள். ஹால் கை தட்டியது. அவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க வூட்லதான்" என்றான். வீடியோவில் முதல் "போயிட்டு வரேன் மேடம்" வந்தது. நான் காலை நகர்த்துவதுபோல் நகர்த்தி, புரொஜெக்டர் வயரை முழங்காலால் இழுத்தேன். சுவர் நீலமானது. வீடியோவையும் நிறுத்தினேன்.

"வயர் லூஸுங்க. ஒரு நிமிஷம்" என்றேன்.

"அதுக்குள்ள அந்த வெளியேறு கதைய சொல்லும்மா!" சார் கீழேயிருந்து கத்தினார். "பிரமாதமான கதைங்க, கேளுங்க!"

நான் அந்தக் கதையைச் சொன்னேன். வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கை ஃபைலைத் தேடியது. "நாய வெரட்டற மாதிரி இருக்குங்கிறாங்க" என்றேன், சிரித்தார்கள். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். "போயிட்டு வரேன் மேடம்னு சொல்லிட்டு அப்படியே போயிடறாங்க" என்று அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஆனால் லப்பைக்குடிகாட்டு அக்கா விடவில்லை.

"அப்ப மைக்கு அணையாதே பாப்பா? வூட்ல பேசறதெல்லாம் கேக்குமே!"

ஹால் மறுபடியும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்த போனை மெதுவாக இறக்கினான். ஏதோ தட்டினான், பார்த்தான், மறுபடியும் தட்டினான். பிறகு மேடைக்கு வந்து, வயரைச் சரிசெய்ய வந்தவன்போல் என் பக்கத்தில் குனிந்தான்.

"லிங்க்கும் போயிடுச்சே மேடம். நீக்கப்பட்டதுன்னு வருது. யாரு நீக்குனது?"

"எடம் நெறஞ்சா பழசு தானா அழிஞ்சிடுங்க."

"போன வாரந்தானே மேடம் எடுத்தது."

 அவன் லேப்டாப் திரையைப் பார்த்தான். ஃபைல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. "ஓ" என்றான். அந்த ஒற்றை எழுத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சாப்பாட்டுப் பந்தியில் அவனுக்கு நேர் எதிரே எனக்கு இலை. அவன் வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை போலிருக்கிறது. சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு மறுபடியும் அடித்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். 

அப்போது என் போன் அதிர்ந்தது. தளத்திலிருந்து ஒரு அறிவிப்பு. பயிலுநர் ஒருவர் தன் கணக்கை மூடிக்கொண்டு போனால் சாருக்கும் எனக்கும் வருகிற அறிவிப்பு. அதற்குமுன் எங்களுக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை. அவள் பெயர் போட்டு, பக்கத்தில் 'வெளியேறினார்' என்றிருந்தது. அவள் எப்போதும் வகுப்புக்கு வரும் போனிலிருந்து அல்ல, வேறு ஒரு போனிலிருந்து. எந்த ஊரிலிருந்து என்றும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவள் அம்மாவிடம் சொன்ன ஊர்.

என் பக்கத்தில் சாரின் போனும் அதிர்ந்தது. அவர் இடது கையால் எடுத்தார். 

"யாரோ வெளியேறினாங்களாம்" என்றார் உரக்க. "பாரும்மா, நோட்டீஸ்லயும் அதே வார்த்த. இதையும் மாத்தச் சொல்லு." எதிரே அவன் தலை நிமிர்ந்தது. சார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பரிமாறுகிற பையனிடம், "தம்பி, இங்க ரசம்!" என்றார். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்த மனிதரின் அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அவர் திறக்கத் தேவையே இல்லை. வழக்கம்போல் அவனுக்கு அனுப்பினாலே போதும். "சார், உங்க போன்ல சார்ஜ் கொறைவா இருக்கு, குடுங்க போட்டு வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டுபோய் அந்த அறிவிப்பை அழித்தேன். திரும்பி வந்தபோது எதிர் இலை மூடியிருந்தது. ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டார்களாம், தம்பி சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவிட்டான் என்றார் சார். "வூட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையோ என்னமோ. பாவம்."

அவள் பத்திரமாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். வகுப்பில் அவள் பெயர் இருந்த கட்டத்தில் இப்போது வேறு ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து ஆபீஸுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். காதில் ப்ளூடூத் இல்லை. சார் நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச்சொல்லி, முதுகைத் தடவிக்கொடுத்தார். அவன் டீயைக் குடிக்காமல் என் மேசைப் பக்கம் திரும்பினான்.

"அந்த வீடியோ இருந்திருந்தா நல்லாருந்திருக்கும் மேடம். அவ மூஞ்சியயாவது பாத்துக்கிட்டிருப்பேன்."

நான் தலையாட்டினேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல, எந்த ஊர்லேர்ந்து நொழையிறாங்க, எந்த ஊர்லேர்ந்து வெளியேறுறாங்கன்னு காட்டுமாமே?"

"இருந்தா காட்டும்மா, பாவம் தம்பி" என்றார் சார்.

என் கணினியின் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது. திரை என் பக்கம். அவன் மேசையைச் சுற்றி வர இரண்டு எட்டு போதும்.

"அதெல்லாம் காட்டாதுங்க. பேர் மட்டுந்தான் வரும்."

"பேர் வந்துச்சா மேடம்?"

வாய் தவறிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. கீழே பாத்திரக்கடையில் எதையோ போட்டு உடைத்தார்கள் போல ஒரு சத்தம். நான் திடுக்கிட்டதை அவன் பார்த்தான்.

"இல்லைங்க. பொதுவா சொன்னேன்."

நீளமாகப் பார்த்தான். பிறகு எழுந்தான். டீ கிளாஸைத் தரையில் வைக்காமல் என் மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தான். சிரித்தான்.

"போயிட்டு வரேன் மேடம்" என்றான்.